சான்சிபார் போகிறவர்கள் கவனத்துக்கு: துறைமுக வாசலில் யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள்

டான்சானியாவைச் சேர்ந்த சான்சிபார் தீவின் பழைய நகரமான ஸ்டோன் டவுனுக்குப் போகத் திட்டமிட்டிருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். என்னையும் என் அக்காவையும் ஏமாற்றிய அதே முறையில் மற்றவர்களையும் அடிக்கடி ஏமாற்றுகிறார்கள் என்று தங்கிய விடுதியில் சொன்னார்கள்.

டான்சானியாவின் கரையில் உள்ள தாருஸ்ஸலாம் நகரிலிருந்து வேகப் படகில் ஏறினால் சுமார் இரண்டு மணி நேரப் பயணம். இறங்கி, பாஸ்போர்ட் சோதனை முடிந்து வெளியே வந்ததும் தரகர்கள் சூழ்ந்துகொள்வார்கள். பபாசி, அதாவது உண்ணி, என்று ஊர்க்காரர்களே இவர்களைத் திட்டுகிறார்கள். எங்களிடம் வந்தவரின் கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. எங்கள் விடுதியின் பெயரைச் சரியாகச் சொல்லி, அங்கிருந்துதான் அனுப்பினார்கள் என்றார். பெட்டியைத் தூக்க வந்த பையன் கொஞ்சம் முன்னால்தான் அந்தப் பெயரைக் கேட்டிருந்தான். அது எப்படி இவரிடம் போயிற்று என்பது அப்புறம்தான் புரிந்தது.

பிரிசன் தீவுக்குப் படகு, பழைய நகரம் சுற்றிப் பார்ப்பது, எல்லா டிக்கெட்டும் சேர்த்துத் தலைக்கு 60 டாலர் என்றார். படகுக்கு டீசல் போட வேண்டும் என்று முழுப் பணத்தையும் அங்கேயே வாங்கிக்கொண்டார். மறுநாள் காலையில் அவர் வரவில்லை, வேறொரு இளைஞரை அனுப்பியிருந்தார்.

தீவில் இறங்கியதும் நுழைவுக் கட்டணம் கேட்டார்கள். கட்டிவிட்டோமே என்றால், தன்னிடம் ஒன்றும் தரவில்லை என்றார் அந்த இளைஞர். இன்னொரு முறை கட்டினோம். 1919இல் செஷல்ஸ் தீவுகளிலிருந்து அன்பளிப்பாக வந்த ராட்சத ஆமைகளின் வம்சம் அங்கே இருக்கிறது, பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் திரும்பும்போது படகுக்காரர் ஏற்ற மறுத்தார். போவதற்கு மட்டும்தான் காசு வந்தது, திரும்பக் கூட்டிப்போகத் தனிக் காசு என்றார். சுற்றிலும் கடல், வேறு வழியில்லை, கொடுத்தோம்.

கரைக்கு வந்ததும் அந்த இளைஞர் 'அதிசய மாளிகை'க்கு டிக்கெட் வாங்க வேண்டும் என்று தனியாகப் பணம் கேட்டு வாங்கினார். சான்சிபாரை ஆண்ட சுல்தான் பர்காஷ் 1883இல் கட்டிய மாளிகை அது. போய்ப் பார்த்தால் வேலி போட்டு அடைத்திருக்கிறது. இன்றைக்குத்தான் மூடிவிட்டார்கள் என்றார். அதற்கும் முன்பே மூடிவிட்ட கட்டடம், 2020 டிசம்பரில் ஒரு பகுதி இடிந்தும் விழுந்தது என்று பக்கத்தில் காபி விற்ற பெரியவர் சொன்னார்.

இதையெல்லாம்விட எனக்கு ஆத்திரம் வந்தது அடிமைச் சந்தை இருந்த இடத்தில்தான். 1873இல் அந்தச் சந்தையை மூடிய பிறகு அங்கே ஆங்கிலிகன் தேவாலயம் எழுந்தது. அடிமைகளைக் கட்டி வைத்து அடித்த மரம் நின்ற இடத்தில்தான் இன்று பலிபீடம் இருக்கிறது என்கிறார்கள். முற்றத்துக் குழியில் கழுத்துச் சங்கிலியோடு நிற்கும் சிலைகளைப் பார்த்தால் பேச்சு வராது. அப்படிப்பட்ட இடத்தை அந்த இளைஞர் வெளியிலிருந்தே கைகாட்டிவிட்டு, கடைக்கு நேரமாகிவிட்டது என்று எங்களை இழுத்துப்போனார். மறுநாள் நாங்களே வாசலில் டிக்கெட் வாங்கி, அங்கிருந்த வழிகாட்டியோடு நிதானமாகப் பார்த்தோம். மனிதர்களை அடைத்து வைத்ததாகச் சொல்லும் அந்த நிலவறைகளில் நிமிர்ந்து நிற்கக்கூட முடியாது. முந்தின நாள் நம்பிப் போயிருந்தால் இதைப் பார்க்காமலே ஊர் திரும்பியிருப்போம்.

சரி, கடை விஷயம். சான்சிபாரிலேயே விளைந்தது என்று குங்குமப்பூ விற்கிறார்கள். அந்தப் புழுக்கத்தில் குங்குமப்பூ விளையாது. அது குசும்பப்பூ. கிராம்பும் பட்டையும் ஜாதிக்காயும் நன்றாக இருக்கும், அவற்றைத் தரஜானி சந்தையில் நாலு கடை விசாரித்து வாங்கலாம். டான்சானைட் என்ற நீல ரத்தினக் கல்லைத் தரகர் கூட்டிப்போகும் கடையில் வாங்கவே வாங்காதீர்கள்.

விடுதிக்காரர்கள் அப்படி யாரையும் அனுப்பவில்லை. தரகர் கொடுத்த கைபேசி எண் அணைந்தே இருந்தது, பணம் திரும்பவில்லை. ஆனால் விடுதியில் சொல்லிவிட்ட ஒரு வழிகாட்டி மிக அருமையானவர். ஒவ்வொரு செதுக்குக் கதவுக்கும் வரலாறு சொன்னார், கடைசியில்தான் கூலி வாங்கினார். இப்படிப் படித்துத் தேறியவர்களின் பிழைப்பைத்தான் வாசலில் நிற்பவர்கள் கெடுக்கிறார்கள்.

மொத்தமாக எல்லாம் சேர்த்து என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். டிக்கெட்டை அந்தந்த இடத்தின் கவுன்டரில் நீங்களே வாங்கி, ரசீதைக் கையில் வைத்திருங்கள். படகென்றால் போக வர எவ்வளவு என்று படகுக்காரரிடமே பேசி, கரை திரும்பிய பிறகு கொடுங்கள். வழிகாட்டிகளுக்குச் சான்சிபார் சுற்றுலா ஆணையத்தின் அட்டை உண்டு. அதைப் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். தயங்கினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டு நடந்துவிடுங்கள்.