கிரேக்கத்துக்கு நெருங்கிய உறவு எது: ஆரியமா, ஆர்மீனியமா, பிரிஜியமா?

இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பத்தில் கிரேக்கம் தனிக்கிளை என்பதில் எவருக்கும் ஐயமில்லை. 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ், பண்டைக் கிரேக்கம் எழுதப்பட்ட லீனியர் பி எழுத்தின் புதிரை அவிழ்த்த பின், அதன் எழுத்துச் சான்று கி.மு. 14ஆம் நூற்றாண்டு வரை பின்னே போய்விட்டது. அதற்கு மிக அருகில் உள்ள கிளை எது என்பதில்தான் வழக்கு நீடிக்கிறது.

ஆரியம், அதாவது சமஸ்கிருதம் உள்ளிட்ட இந்தோ-ஈரானியக் கிளைக்காக வாதிடுவோர் முதலில் காட்டுவது 'சுமந்தான்' என்ற வினையை: கிரேக்கத்தில் 'எஃபெரே', சமஸ்கிருதத்தில் 'அபரத்'. இரண்டிலும் இறந்தகாலத்துக்கு முன்னால் ஓர் உயிரெழுத்து வந்து ஒட்டுகிறது. கிரேக்கக் காவியமான இலியட்டின் 'கிளெஒஸ் அஃப்திதொன்' என்ற தொடரையும் ரிக் வேதத்தில் அதே வேர்களால் 'அழியாப் புகழ்' என்று பொருள்படும் தொடரையும் மொழியியலாளர் அடால்பெர்ட் கூன் 1853இலேயே இணைத்துப் பார்த்தார். கவர்ச்சியான சான்றுதான், ஆனாலும் பாட்டன் வீட்டுப் பாத்திரம் இரு பேரர் வீடுகளில் இருப்பதால் அவர்கள் ஒரே தகப்பனின் பிள்ளைகள் என்று ஆகிவிடாது. பழமையை இருவரும் காத்தது போதாது, புதுமையை இருவரும் சேர்ந்து செய்திருக்க வேண்டும். மேலும் நூறு என்பதற்குக் கிரேக்கம் 'ஹெகதோன்' என்று மூலமொழியின் ககரத்தைக் காக்கும் இடத்தில் சமஸ்கிருதம் அதைச் சகரமாக்கி 'சதம்' என்கிறது (கிரிக்கெட்டில் அடிக்கும் அதே சதம்தான்).

1924இல் மொழியியலாளர் ஹோல்கர் பெடர்சன் முன்வைத்த ஆர்மீனிய உறவுக்கு இதைவிட வலு உண்டு. பெயரைக் குறிக்கச் சமஸ்கிருதத்தில் 'நாம' என்று தொடங்கும் சொல், கிரேக்கத்தில் 'ஒனொமா' என்றும் ஆர்மீனியத்தில் 'அனுன்' என்றும் முன்னால் உயிரெழுத்து பெறுகிறது. ஆனால் ஒன்றில் ஒகரமும் மற்றதில் அகரமும் நிற்பதைக் கவனிக்க வேண்டும். மாற்றம் ஒரே வீட்டில் நடந்ததா, தனித்தனியே நடந்ததா என்ற கேள்வி அங்கே எழுகிறது. மொழியியலாளர் ஜேம்ஸ் கிளாக்சன் 1994இல் இத்தகைய சான்றுகளை ஒவ்வொன்றாகச் சலித்து, தனியாக ஒரு கிரேக்க-ஆர்மீனியக் கிளை இருந்ததாகக் கொள்ள அவை போதா என்றார். ஆர்மீனியம் எழுத்தில் வந்ததே கி.பி. 5ஆம் நூற்றாண்டில்தான், அதற்குள் ஈரானியக் கடன்சொற்கள் அதில் குவிந்திருந்தன.

என் பார்வையில் முன்னிற்பது அனத்தோலியாவில், அதாவது இன்றைய துருக்கிப் பகுதியில், பேசப்பட்டு மறைந்த பிரிஜியம். அதில் பெயர் 'ஒனொமான்', ஆண் 'அனர்'. கிரேக்கத்தின் 'ஒனொமா', 'அனேர்' என்பவற்றோடு உயிரெழுத்தும் ஒத்துப்போகிறது. அங்கே யாசிலிகாயாவில் உள்ள மிடாஸ் நினைவுப் பாறையில் காணும் 'லவக்தாஎய்', 'வனக்தெய்' என்ற ஆட்சியாளர் பட்டங்கள் கிரேக்கப் பட்டங்களை அப்படியே நினைவூட்டுகின்றன. பட்டங்கள் எளிதில் கடன் போகும் என்பதால் அவற்றுக்கு நான் அதிக மதிப்பெண் தரமாட்டேன். ககரம் காக்கும் வழக்கிலும் இம்மொழி கிரேக்கத்தின் பக்கமே நிற்கிறது. குறை ஒன்றுதான்: சான்று மிகச் சொற்பம். பிற்காலக் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை 'இந்தக் கல்லறைக்கு எவன் தீங்கு செய்கிறானோ' என்று தொடங்கும் சாபங்கள். அந்த 'எவன்' என்பதற்கான 'இயொஸ்' கிரேக்க 'ஹொஸ்' என்பதன் உடன்பிறப்பு. ஆனால் தீங்கைக் குறிக்கும் 'ககொன்' என்ற சொல் கிரேக்கத்திலிருந்து வாங்கியதாகவும் இருக்கலாம்.