நின்றே கெட்ட பிக்கப்: குறைந்த செலவில் மீட்டு, பல வருடம் ஓட்டிய அனுபவம்

ஓடுகிற வண்டி தேய்ந்து கெடும், நிற்கிற வண்டி காய்ந்து கெடும். பல வருடம் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு டீசல் பிக்கப்பைக் கைச்செலவுக்குள் மீட்டெடுத்து, இப்போது சில வருடங்களாக அதில் சரக்கும் ஏற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பழைய வண்டி என்றதும் எல்லாரும் முதலில் கேட்பது "எஞ்சின் எப்படி?" என்றுதான். என் செலவுக் கணக்கில் எஞ்சினுக்குப் போனது மிகச் சிறிய பங்கு. பணத்தை விழுங்கியது ரப்பர். பிரேக் கப், ஹோஸ், ஆயில் சீல், புஷ், டயர், கண்ணாடிச் சுற்று ரப்பர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. அதற்கு அடுத்த இடம் துருவுக்கு.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாக: தனிச் சேஸ் மேல் உட்கார்ந்த கேபின், டர்போ இல்லாத நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின், முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், பின் அச்சுக்குப் பட்டை ஸ்பிரிங். எலக்ட்ரானிக்ஸ் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. இந்த எளிமை இல்லாவிட்டால் நான் கை வைத்திருக்கவே மாட்டேன். கம்ப்யூட்டர் வைத்த வண்டியை எலி கடித்துவிட்டால் குறைந்த செலவு என்ற பேச்சுக்கே இடமில்லை.

வாங்குவதற்கு முன் இரண்டு விஷயம் பார்த்தேன். ஒன்று காகிதம். உரிமைப் பத்திரத்தில் இருக்கும் சேஸ் நம்பரும் சேஸில் பொறித்திருக்கும் நம்பரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். அது இல்லாத வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் எடைக்குப் போடும் இரும்புதான். இரண்டாவது சேஸ். சின்னச் சுத்தியலால் ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு மணி மாதிரி கணீரென்று கேட்கும், அரித்த இடத்தில் சத்தம் மந்தமாகிவிடும். அங்கே ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும். பின் ஸ்பிரிங் மாட்டும் பிராக்கெட் பக்கமும், கேபினுக்குப் பின்னால் சேஸ் வளைந்து மேலே ஏறும் இடத்திலும் மண்ணும் ஈரமும் தங்கும் என்பதால் அங்கே கூடுதல் நேரம் செலவிடுங்கள். வெளியே பெயின்ட் பளபளவென்று இருப்பதை நம்ப வேண்டாம், பெட்டி மாதிரியான சேஸ் உள்ளிருந்துதான் அரிக்கும்.

அப்புறம் எஞ்சின். நின்ற எஞ்சினில் பேட்டரி மாட்டி நேராக செல்ஃப் அடிப்பதுதான் பலரும் செய்கிற முதல் வேலை, அதைத்தான் செய்யவே கூடாது. ஹீட்டர் பிளக்குகளை (டீசல் எஞ்சின் பிடிக்க சிலிண்டரைச் சூடாக்குபவை) கழற்றி, அந்தத் துளை வழியாக ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலும் டீசலும் கலந்து ஊற்றி ஊறவிட்டேன். பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு துருப்பிடித்து ஒட்டியிருந்தால் எண்ணெய் மெதுவாக இறங்கி விடுவிக்கும். பிறகு கிராங்க் புல்லி போல்ட்டில் நீளமான கைப்பிடி போட்டுக் கையாலேயே சுற்றிப் பார்த்தேன். முதலில் அசையவில்லை. மறுபடி ஊறவிட்டு, முன்னும் பின்னும் சிறிது சிறிதாக ஆட்டியதும் இளகியது. கையால் முழுச் சுற்று வந்த பிறகுதான் செல்ஃப். அப்போதும் பிளக் துளைகள் திறந்தே இருக்க வேண்டும். சிலிண்டரில் தேங்கியிருக்கும் எண்ணெய் திரவம், அதை அமுக்க முடியாது. பிளக்கை மாட்டிவிட்டுச் சுற்றினால் கனெக்டிங் ராடு வளையும். துளை வழியாகப் பீய்ச்சியடிக்கும், அதனால் முகத்தை அந்தப் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

டைமிங் பெல்ட் இருக்கும் எஞ்சின் என்றால் செல்ஃப் அடிப்பதற்கு முன்பே புது பெல்ட் போட்டுவிடுங்கள். இதில் விவாதமே வேண்டாம். டீசலில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடைவெளி மிகக் குறைவு. பெல்ட் அறுந்தால் இரண்டும் மோதும். மலிவாக முடிந்த எஞ்சின் வேலை அன்றைக்கே பெரிய வேலையாகிவிடும்.

டீசல் டேங்கில் இருந்தது டீசல் என்று சொல்ல முடியாது. அடியில் தண்ணீர் தேங்கினால், தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுப்பாகக் கூழ் மாதிரி ஆகிவிடும். அதையெல்லாம் கொட்டி, சோப்புத் தண்ணீரில் பல முறை கழுவினாலும் உள்ளே துரு அப்படியே இருந்தது. புது டேங்குக்குப் பணம் இல்லை. அதனால் மின்சாரம் வைத்துத் துருவை எடுத்தேன், இந்த முழு வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். டேங்க் நிறையத் தண்ணீர் விட்டு, சலவைச் சோடாவைக் கரைத்து, வாய் வழியாக ஒரு சாதா இரும்புக் கம்பியை டேங்கில் எங்கும் படாமல் தொங்கவிட வேண்டும். பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் டேங்குக்கு, பாசிட்டிவ் கம்பிக்கு. இதை மாற்றிக் கொடுத்தால் டேங்கே கரையும். சுவிட்ச் போட்டதும் சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்பும், கொஞ்ச நேரத்தில் மேலே பழுப்பு நுரை கட்டும். கம்பியில் ஒட்டும் அழுக்கை அவ்வப்போது சுரண்டிவிட்டு மறுபடி தொங்கவிட வேண்டும். துருப்பிடிக்காத எஃகைக் கம்பியாகப் பயன்படுத்தாதீர்கள், அதிலுள்ள குரோமியம் நச்சாகத் தண்ணீரில் கலக்கும். குமிழியில் வருவது ஹைட்ரஜன். திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது. இதை டீசல் டேங்க் என்பதால், அதுவும் நன்றாகக் கழுவிய பிறகு செய்தேன். பெட்ரோல் டேங்க் என்றால் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

இந்த முறைக்கு ஒரு குறை உண்டு. கம்பிக்கு நேராகத் தெரியும் இடத்தில்தான் நன்றாக வேலை செய்யும், உள்தடுப்புக்குப் பின்னால் துரு கொஞ்சம் மிஞ்சும். அதற்காகவே டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் உள்ளே தெரிகிற மாதிரி ஒரு சின்ன ஃபில்டர் போட்டேன். ஆரம்பத்தில் அதை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது, இப்போது சுத்தமாகவே இருக்கிறது.

டீசல் குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்றி (இதைத்தான் ஏர் எடுப்பது என்பார்கள்), செல்ஃப் அடித்தபடி நாசில் குழாய் நட்டுகளைத் தளர்த்தி டீசல் கசிந்ததும் இறுக்கினால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். வெள்ளைப் புகை மண்டும், பயப்பட வேண்டாம். ஓடுகிற எஞ்சினில் நாசில் குழாய்ப் பக்கம் மட்டும் கை வைக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், சின்னப் புள்ளி மாதிரித் தெரிந்தாலும் அது உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய காயம்.

எஞ்சின் ஓடிவிட்டது என்ற சந்தோஷத்தில்தான் பலர் அப்படியே சாலைக்குக் கிளம்புகிறார்கள். வண்டி நிற்குமா என்று யாரும் கேட்பதில்லை. என் கையிலிருந்த பணத்தில் ஒரு பெரிய துண்டு பிரேக்குக்குத்தான் போனது, அதில் வருத்தமே இல்லை. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 3 என்ற தர வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், ஈரம் சேர்ந்த பிறகு அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. சரக்கோடு ஓர் இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் ஆயில் கொதித்து ஆவியாகும், பெடல் தரைக்குப் போகும். அதே ஈரம்தான் வீல் சிலிண்டரின் உள்பக்கத்தையும் குழி குழியாக அரிக்கிறது. என் வண்டியில் பின் சிலிண்டர்கள் இரண்டும் அப்படி இறுகிப் போயிருந்தன. குழி விழுந்த சிலிண்டரில் புதுக் கப் மட்டும் போடுவது வீண், சில மாதத்தில் கசியும். முழுதாக மாற்றினேன்.

பிரேக் ஹோஸை வெளியே பார்த்து முடிவு செய்யாதீர்கள். என் வண்டியில் முன்பக்க ஹோஸ் பார்ப்பதற்கு விரிசல் கூட இல்லாமல் இருந்தது. ஆனால் மிதித்துவிட்டுக் காலை எடுத்த பிறகும் அந்தச் சக்கரம் பிடித்துக்கொண்டே நின்றது. ஹோஸுக்கு மேல்பக்கம் இருக்கும் இணைப்பைத் தளர்த்தினேன், சக்கரம் விடவில்லை. கீழே காலிப்பரில் ஏர் எடுக்கும் நிப்பிளைத் தளர்த்தினேன், சட்டென்று விட்டது. அப்படியென்றால் அழுத்தம் ஹோஸுக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. வெட்டிப் பார்த்தால் உள் ரப்பர் வீங்கி, துளை ஊசி நுழையும் அளவுக்குச் சுருங்கியிருந்தது. எல்லா ஹோஸையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டேன்.

இன்னும் இரண்டு விஷயம். பிரேக் குழாயில் ஏர் எடுக்கும்போது பெடலைத் தரைவரை மிதிக்க விடாமல் அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். பெடல் அழுத்தும் பழைய மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் வழக்கமாகப் போகாத இடத்தில் துரு இருக்கும், முழுதாக மிதித்தால் கப் அங்கே போய்க் கிழியும். அடுத்தது பிக்கப்புக்கே உரியது: பின் அச்சிலிருந்து ஒரு கம்பியால் இணைத்திருக்கும் லோடு வால்வு. சுமை ஏறி வண்டி தாழும்போது பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டுவது அதன் வேலை. நின்ற வண்டியில் அது பெரும்பாலும் இறுகியிருக்கும், யாரும் கவனிப்பதில்லை. காலி வண்டியில் பின் சக்கரம் லாக் ஆவதும், லோடு வண்டியில் பிரேக் பற்றாமல் போவதும் இதனால்தான். டிரம்மைத் திறக்கும்போது தூசியை ஊதாதீர்கள், பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடைத்து எடுங்கள்.

டயரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பக்கச் சுவரில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2309 என்றால் 2009ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பத்து வருடம் தாண்டிய டயர் சாலைக்கு ஆகாது.

எலக்ட்ரிக்கல் கோளாறுகளில் முக்கால்வாசி எர்த் பிரச்சினைதான். லைட் மங்கல், செல்ஃப் மெதுவாகச் சுற்றுவது, இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட்டும் சேர்ந்து மினுக்குவது என்று எல்லாம் வந்தது. எஞ்சினிலிருந்து சேஸுக்கும், சேஸிலிருந்து கேபினுக்கும் போகும் எர்த் ஒயர்களின் முனையை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவியதும் பாதி போய்விட்டது. எலி கடித்த ஒயர்களை மட்டும் புதிதாக இழுத்தேன். (ஹீட்டர் பெட்டிக்குள் எலிக் கூடு முழுதாக இருந்தது. காய்ந்த எலிக் கழிவின் தூசி மூச்சில் போகக் கூடாது, நனைத்துவிட்டு எடுங்கள்.)

சேஸில் இரண்டு இடத்தில் ஒட்டு போட வேண்டியிருந்தது. அதைத் தெரிந்த வெல்டரிடம் விட்டேன். ஒட்டுத் தகட்டின் முனையைச் சாய்வாக வெட்டச் சொன்னதுதான் என் பங்கு. சேஸுக்குக் குறுக்கே செங்குத்தாக நேர்க்கோட்டில் வெல்டிங் ஓடினால், லோடு அடிக்கும்போது அந்தக் கோட்டிலேயே விரிசல் விடும்.

சரி, இவ்வளவு நாள் ஓட்டிய பிறகு எது தாங்கியது, எது தாங்கவில்லை?

பிரேக்கில் போட்டது எல்லாம் தாங்குகிறது. ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவதோடு சரி. பின் அச்சு வரை துருப்பிடித்த இரும்புக் குழாய்க்குப் பதில் தாமிர நிக்கல் குழாய் போட்டதில் பெரிய நிம்மதி, கையால் வளைகிறது, துருவும் இல்லை. சேஸின் உள்பக்கம் அடித்த மெழுகு இன்னும் பிசுபிசுப்பாக இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் சேர்க்கிறேன், தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் அடைக்காமல் விடுகிறேன்.

தாங்காதது, துருவின் மேலே தடவும் துரு மாற்றி. சுரண்டாமல் அதைத் தடவினால் துரு கறுப்பாகிப் பார்க்க அழகாக இருக்கும், இரண்டாம் மழைக்காலத்தில் பெயின்ட் குமிழ் விடும். வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, துத்தநாக பிரைமர் அடித்த இடங்களில் ஒன்றும் ஆகவில்லை. ரோலரால் அடித்த எனாமல் பெயின்ட் வெயிலில் மங்கிவிட்டது. ஆனால் கீறல் விழுந்தால் அரை மணி நேரத்தில் நானே தொட்டுவிடுவேன். லோடு வண்டிக்கு இதற்கு மேல் தேவையில்லை என்பது என் கருத்து. மலிவான ரேடியேட்டர் ஹோஸ் சீக்கிரமே கிளிப் ஓரத்தில் வெடிப்பு விட்டது, நல்ல தரத்தில் மாற்றிய பிறகு தொல்லை இல்லை. டீசல் பம்ப் ஓட ஆரம்பித்த சில காலத்தில் கசிந்தது. கந்தகம் குறைந்த இப்போதைய டீசலில் பழைய சீல்கள் சுருங்குவது தெரிந்த விஷயம்தான், சீல் கிட் போட்டதும் கசிவு நின்றது. கிராங்கின் பின் சீலில் லேசான கசிவு இன்றும் இருக்கிறது. அதற்குக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும், கிளட்ச் பிளேட் மாற்றும் நாளில் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறேன்.

ஓட்டுவதில் சொகுசு எதிர்பார்க்காதீர்கள். ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை, காலி வண்டியில் பின்பக்கம் துள்ளும், வேகத்தில் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது. சீட் பெல்ட்டை மட்டும் புதிதாகப் போட்டேன். நாளைக்கே வருமானத்துக்கு வண்டி வேண்டும் என்பவர்கள் இந்தப் பக்கம் வரவேண்டாம். வேறு வண்டி ஒன்று கையில் இருந்து, மாலையும் விடுமுறையும் இதற்குக் கொடுக்க முடிந்தால் மட்டும் இறங்குங்கள்.

பார்ட்ஸ் கிடைக்குமா என்று பலர் கேட்கிறார்கள். கம்பெனி டப்பாவில் தேடினால் பலது கிடைக்காது. பேரிங்கும் ஆயில் சீலும் பெரும்பாலும் பொது அளவுதான். ஆல்டர்னேட்டரில் இருந்த பேரிங்கில் 6203 என்று பொறித்திருந்தது. உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மில்லிமீட்டர். எந்தப் பேரிங் கடையிலும் அந்த நம்பரைச் சொன்னால் எடுத்துக் கொடுப்பார்கள். ஆயில் சீலிலும் இதேபோல் மூன்று அளவு எழுதியிருக்கும். அதனால் கழற்றிய எதையும் தூக்கிப் போடாமல், முதலில் நம்பரைத் துடைத்துப் படித்து ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.