புதுத் தட்டா, பழைய தட்டா, சீடியா?

ஹட்டனில் இருந்துகொண்டு பாட்டுக் கேட்க வினைல் இசைத்தட்டு வாங்க நினைப்பவருக்கு மூன்று வழி: புதிதாக அச்சிட்ட தட்டு, எழுபது எண்பதுகளின் பழைய தட்டு, இல்லையென்றால் பேசாமல் சீடி. விலையில் உச்சம் புதுத் தட்டுதான், அதுவும் கப்பல் கூலியோடு.

அதன் உறையில் 'மூல மாஸ்டர் நாடாவிலிருந்து', அதாவது ஸ்டூடியோவில் முடித்துவைத்த முதல் ஒலிநாடாவிலிருந்து, என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். பொய்யில்லை. ஆனால் நாடாவுக்கும் தட்டுக்கும் நடுவில் டிஜிட்டல் கோப்பு ஒன்று இருந்ததா என்பதை அது சொல்லாது. அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி என்ற தட்டு நிறுவனம் 2022இல் மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான். முழுக்க அனலாக் (ஒலியை எண்களாக மாற்றாத முறை) என்று நம்பி வாங்கிய தட்டுகளில் பல டிஜிட்டல் வழியாக வந்தவை என்று தெரிந்ததும் விவகாரம் வழக்கு வரை போனது. வேடிக்கை என்னவென்றால், டிஜிட்டல் என்றாலே முகம் சுளிக்கிறவர்கள்தான் அதுவரை அவற்றைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள்!

ஆகவே டிஜிட்டலில் பிறந்த தட்டு மட்டம் என்று சொல்ல வரவில்லை. ஜப்பானின் டெனோன் நிறுவனம் 1972இலேயே டிஜிட்டலில் பதிந்து தட்டு போட்டது. கோப்பில் இல்லாததை ஊசி கொண்டுவந்து சேர்க்காது, அவ்வளவுதான். சேர்ப்பதெல்லாம் குறைதான். தட்டின் ஓரத்தில் வினாடிக்கு 50 சென்ரிமீற்றர் ஓடும் பள்ளம், நடுவுக்கு வரும்போது 21க்கு இறங்கிவிடும்; கடைசிப் பாட்டில் 'ஸ' ஒலி கரகரப்பது அதனால்தான். மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே சீடி சுமார் 96 டெசிபல் இடைவெளியைத் தாங்கும், தட்டு 70ஐத் தொட்டாலே பெரிய விஷயம். அப்புறம் '180 கிராம் கனத் தட்டு' என்று விற்கிற கதை: கனத்த தட்டு எளிதில் நெளியாது, சரி, பள்ளம் அதேதான்.

சீடிக்கும் ஒரு குறை உண்டு. தொண்ணூறுகளுக்குப் பிறகு பல சீடிகளைச் சத்தம் கூட்டி, மெல்லிய இடமும் உரத்த இடமும் ஒன்றாகும்படி நசுக்கிவிட்டார்கள். அதே பாட்டுக்குத் தட்டுக்கென்று தனி மாஸ்டர் (அச்சுக்கு முந்திய கடைசி ஒலிச் சீரமைப்பு) செய்திருந்தால் தட்டு ஜெயிக்கலாம். அந்தப் பெருமை மாஸ்டர் செய்தவருக்கு, பிளாஸ்டிக்குக்கு அல்ல.

பழைய தட்டுக்கு எதிரி நம்மூர் மழைதான். முதலில் உறைக் காகிதம் ஈரம் குடிக்கும், பிறகு வெள்ளைப் புள்ளியாகப் பூஞ்சணம். பள்ளத்துக்குள் இறங்கினால் பாட்டுக்குப் பின்னால் ஈரவிறகு வெடிக்கிற சத்தம். பூஞ்சணத்தைப் பெரும்பாலும் கழுவி எடுக்கலாம், தேய்மானத்தை முடியாது. துரை பங்களாச் சாமான்களோடு வருகிற தட்டானாலும் வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கள். மேலாகக் கீறல் பரவாயில்லை. பளபளப்புப் போய்ச் சாம்பல் பூத்திருந்தால், மழுங்கிய ஊசியால் யாரோ உழுதுவிட்டார்கள். சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

என் தெரிவு இதுதான். நாடாவில் பதிந்த பழைய பாட்டுகளுக்கு, நல்ல நிலையில் கிடைத்தால், பழைய தட்டு. கணினியில் பதிந்த இன்றைய பாட்டுகளுக்கு சீடி. 12 அங்குல அட்டைக்கு ஆசைப்பட்டுப் புதுத் தட்டு வாங்குகிறவரை நான் தடுக்க மாட்டேன், அட்டை அழகுதான். 'அனலாக் இதம்' என்று தனி விலை கேட்டால் மட்டும், எந்த நாடா, அச்சுக்கான பள்ளத்தை யார் வெட்டியது, நடுவில் என்ன இருந்தது என்று கேளுங்கள். விற்கிறவருக்குத் தெரியாவிட்டால் சீடியை எடுத்துக்கொண்டு மிச்சக் காசை நல்ல ஸ்பீக்கரில் போடுங்கள்.