மின்னல் பறவைக்கு ஒரே ஓர் இடம்: ஜாப்டோஸா, கிலோவாட்ரெல்லா, தண்டரஸா?

போக்கிமான் ஆட்டம் ஒன்று. எதிரில் புல் பூனை மியாஸ்கராடா. என் பக்கம் மின்னல் பறவை ஜாப்டோஸ். புல் பூனைக்கும் மின்னல் பறவைக்கும் நேர் சண்டை என்றால் பறவைக்குத்தான் லாபம். எதிராளிக்கும் அது தெரியும். அதனால் அவர் நின்று சண்டை போடாமல், யூ-டர்ன் (தொட்டு அடித்து, உடனே இடம் மாறும் பூச்சி டைப் மூவ்) அடித்துவிட்டு வேறு போக்கிமானை உள்ளே அழைத்தார். பறக்கும் டைப்பின் மேல் பூச்சி டைப் அடி பெரிதாக விழாது. எல்லாம் வழக்கமான நகர்வுதான். ஆனால் பூனை பறவையைத் தொட்ட அந்த நொடியில், தொட்டவரைச் சில சமயம் பாரலைஸ் (முடக்கம்) செய்யும் அதன் எபிலிட்டி (பிறவித் திறன்) ஸ்டாட்டிக் வேலை செய்தது. மியாஸ்கராடா பாரலைஸ் ஆகித்தான் வெளியே போனது.

லெவல் 50-இல் முழு வேகம் ஏற்றிய மியாஸ்கராடாவின் ஸ்பீடு 192. பாரலைஸ் ஆனதும் அது பாதியாகி 96. வேகத்துக்கு ஒரு பயிற்சிப் புள்ளிகூடச் செலவழிக்காத ஜாப்டோஸின் ஸ்பீடே 120. அந்தப் பூனை டீமில் இருந்ததே வேகத்துக்காகத்தான். மீதி ஆட்டம் முழுக்க அது என் ஜாப்டோஸுக்குப் பின்னால்தான் நகர முடிந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை, பறவை சும்மா நின்றது, அவ்வளவுதான்.

டீமில் மின்சாரம் + பறக்கும் டைப்புக்கு ஒரு இடம் ஒதுக்கினால் யாரை வைப்பது என்ற கேள்விக்கு என் பதில் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. பெரும்பாலானவர்கள் யார் அதிகமாக அடிக்கிறார்கள் என்று பார்க்கிறார்கள். நான் பார்ப்பது, அடி வாங்கும்போது யாரால் டீமுக்கு லாபம் என்பதை.

இந்த டைப் சேர்க்கை ஏன் இவ்வளவு நல்லது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மின்சார டைப்புக்கு இருக்கும் ஒரே பலவீனம் தரை டைப். பறக்கும் டைப்புக்குத் தரை அடி படவே படாது. இரண்டும் சேர்ந்தால் அந்த ஓட்டை அடைபட்டுவிடுகிறது. மிச்சம் இருப்பது பனியும் பாறையும் மட்டும். சண்டை, பூச்சி, புல், இரும்பு, பறக்கும் டைப் அடிகள் எல்லாம் பாதிதான் விழும். தரை டைப் மூவான எர்த்குவேக் அடிக்கும் கணக்கில் எதிராளி இருக்கும்போது இதை உள்ளே கொண்டுவரலாம், மின்சார வகை யூ-டர்னான வோல்ட் ஸ்விட்ச் அடித்து வெளியேறலாம்.

இந்த இடத்துக்குப் போட்டி போடுபவை மூன்று. 1996-இல் வந்த முதல் ஆட்டத்திலிருந்தே இருக்கும் ஜாப்டோஸ். 2022-இல் ஸ்கார்லெட், வயலெட்டில் வந்த கிலோவாட்ரெல். அப்புறம் தண்டரஸ். தண்டரஸ் உண்மையில் பறவை அல்ல, மேகத்தில் அமர்ந்த பூதம். தேரியன் என்ற அதன் இன்னொரு உருவம்தான் பறவைச் சாயல் கொண்டது. ஆனால் டைப் ஒன்றே என்பதால் ஒப்பீட்டில் அதை விட முடியாது.

ஒரு எச்சரிக்கை. கேலார் பகுதி ஜாப்டோஸ் இந்தக் கணக்கில் வராது. பெயர்தான் ஒன்று. அது சண்டை + பறக்கும் டைப், மின்சாரம் துளியும் கிடையாது. பெயரை மட்டும் பார்த்து டிரேடில் வாங்கி ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வேகத்தை வைத்துத் தொடங்கலாம், ஏனென்றால் எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். லெவல் 50-இல் உச்ச வேகம்: ஜாப்டோஸ் 167, தேரியன் தண்டரஸ் 168, சாதாரண தண்டரஸ் 179, கிலோவாட்ரெல் 194. தேரியனுக்கும் ஜாப்டோஸுக்கும் ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். அந்த ஒரு புள்ளிக்காகத் தேரியனை எடுப்பவர்கள் உண்டு. ஆனால் கார்ச்சோம்ப் என்ற போக்கிமானின் உச்சம் 169, அது இரண்டையும் முந்திவிடும். வேகம்தான் உங்களுக்கு முக்கியம் என்றால் இந்த இருவரையும் விட்டுவிட்டு நேராகக் கிலோவாட்ரெல்லுக்குப் போங்கள்.

உடல் வலிமையில் நிலைமை தலைகீழ். ஜாப்டோஸின் அடிப்படை உயிர் 90, டிஃபென்ஸ் 85, ஸ்பெஷல் டிஃபென்ஸ் 90. தண்டரஸுக்கு 79, 70, 80. கிலோவாட்ரெல்லுக்கு 70, 60, 60. கிலோவாட்ரெல் கடலோரக் கப்பல்பறவையை வைத்து உருவாக்கியது. அதன் உடம்பும் அப்படியே மெலிந்தது.

என் முதல் ஜாப்டோஸை நான் முழுக்கத் தாக்குதலுக்கு வளர்த்தேன். வேகம் உச்சம், ஸ்பெஷல் அட்டாக் உச்சம், கையில் அடியைக் கூட்டும் லைஃப் ஆர்ப். ஒரு மாதம் ஆடியும் அது எந்த ஆட்டத்தையும் மாற்றியதாக நினைவில்லை. 167 என்ற வேகம் பாதிப் பேரைத் தாண்டவில்லை, லைஃப் ஆர்ப் ஒவ்வொரு அடிக்கும் உயிரைத் தின்றது. பிறகு உயிரையும் டிஃபென்ஸையும் உச்சத்துக்கு ஏற்றி, கையில் ஹெவி ட்யூட்டி பூட்ஸ் கொடுத்தேன். அதே பறவை வேறு பறவையாகிவிட்டது.

அந்த பூட்ஸுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 2006-இல் டைமண்ட், பேர்ள் ஆட்டங்களில், உள்ளே வருபவரை அடிக்கும் பாறைப் பொறியான ஸ்டெல்த் ராக் வந்தது. பாறைக்குப் பலவீனமான ஜாப்டோஸ் உள்ளே வரும்போதெல்லாம் கால் பங்கு உயிரை இழக்க வேண்டியதாயிற்று. நான்கு முறை உள்ளே வந்தால் சண்டையே போடாமல் விழுந்துவிடும். உள்ளே வருவதும் போவதுமே தொழிலாகக் கொண்ட பறவைக்கு இதைவிடக் கொடுமை இல்லை. 2019-இல் வந்த ஹெவி ட்யூட்டி பூட்ஸ் தரையில் விரித்த எல்லாப் பொறிகளையும் ரத்து செய்தது. 2020 அக்டோபரில் கிரவுன் டண்ட்ரா என்ற கூடுதல் பகுதி வழியாக ஜாப்டோஸ் திரும்ப வந்தபோது பூட்ஸ், ஸ்டாட்டிக், பறக்கும் டைப் மூவான ஹரிக்கேன் மூன்றும் ஒன்றாகக் கையில் கிடைத்தன. எட்டாம் தலைமுறை (2019-இல் தொடங்கிய ஆட்டங்கள்) சிங்கிள்ஸில் (ஒன்றுக்கு ஒன்று சண்டையில்) அது ஏன் அவ்வளவு டீம்களில் இருந்தது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ஸ்டாட்டிக் கணக்கும் பலர் நினைப்பதைவிடப் பெரியது. ஒரு தொடுதலுக்கு 30 சதவீதம். பல அடி விழும் மூவ் என்றால் ஒவ்வொரு அடிக்கும் தனித்தனியாகக் குலுக்கல். உர்ஷிஃபு என்ற போக்கிமானின் சர்ஜிங் ஸ்ட்ரைக்ஸ் மூவ் மூன்று முறை தொடுகிறது. மூன்றிலும் தப்பிக்க 34 சதவீத வாய்ப்புதான். அதாவது மூன்றில் இரண்டு முறை உர்ஷிஃபு பாரலைஸ் ஆகும். அதற்குப் பயந்துதான் பஞ்சிங் குளோவ் மாட்டிக்கொண்டு வருகிறார்கள். அது தொடுதலையே இல்லாமல் செய்துவிடும்.

ரூஸ்ட் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், இங்கேதான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். ரூஸ்ட் பாதி உயிரை மீட்கும். அதோடு, அந்த ஒரு டர்ன் முடியும்வரை பறக்கும் டைப் போய்விடும். பறவை தரையில் இறங்கி உட்காருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் நகர்ந்து ரூஸ்ட் போட்டால் அந்த டர்னில் ஜாப்டோஸ் வெறும் மின்சார டைப். பனி அடி சாதாரண அடியாகிறது, பாறை அடியும் அப்படியே. ஆனால் அதே டர்னில் எர்த்குவேக் வந்தால் இரட்டிப்பாக விழும். பின்னால் நகர்ந்தால் கணக்கு மாறும்: பனி அடியை முழுப் பலவீனத்தோடு வாங்கிய பிறகுதான் உயிர் ஏறும். ஆக, எதிரில் இருப்பவர் என்னைவிட வேகமா, அவர் கையில் இருப்பது பனியா தரையா என்ற இரண்டையும் தெரிந்துகொண்டுதான் ரூஸ்ட் பொத்தானை அழுத்த வேண்டும். ஒன்பதாம் தலைமுறையில் (ஸ்கார்லெட், வயலெட்) ரூஸ்ட் எண்ணிக்கையையும் குறைத்துவிட்டார்கள், அதிகபட்சம் 8 முறைதான். முன்பு போலக் கண்மூடித்தனமாகப் போட முடியாது.

கிலோவாட்ரெல்லுக்கும் ரூஸ்ட் உண்டு. 194 வேகத்தில் அநேகமாக எப்போதும் முன்னால்தான் ரூஸ்ட் விழும், ஆனால் மீட்ட உயிர் தாங்குவதற்கு அந்த உடம்பு போதாது. அதன் இடம் டபுள்ஸ், அதாவது பக்கத்துக்கு இரண்டு போக்கிமான் நிற்கும் சண்டை. அங்கே அது செய்யும் ஒரு காரியத்தை ஜாப்டோஸால் செய்ய முடியாது.

அதன் எபிலிட்டி விண்ட் பவர். தன் பக்கம் டெயில்விண்ட் (நான்கு டர்னுக்கு வேகத்தை இரட்டிப்பாக்கும் காற்று) வீசத் தொடங்கினாலே கிலோவாட்ரெல் சார்ஜ் ஆகிவிடும், அடுத்த மின்சார மூவ் இரட்டிப்பாகும். இப்போது பக்கத்தில் விம்சிகாட் என்ற போக்கிமானை நிறுத்துங்கள். பிராங்க்ஸ்டர் (தாக்காத மூவ்களுக்கு முன்னுரிமை தரும் எபிலிட்டி) காரணமாக விம்சிகாட்டின் டெயில்விண்ட் முதலில் விழும். அதே டர்னில் கிலோவாட்ரெல்லின் வேகம் 388 ஆகிறது, சார்ஜும் ஏறுகிறது, தண்டர்போல்ட் 90-க்குப் பதில் 180 பலத்தோடு போகிறது. முதல் டர்னிலேயே! எதிராளி தடுப்பு மூவான புரொடெக்ட் போடவில்லை என்றால் அவர் பக்கம் ஒரு இடம் காலியாவது கிட்டத்தட்ட உறுதி. கையில் ஃபோகஸ் சாஷ் இருந்தால் ஒரு அடி வாங்கியும் நிற்கும்.

எதிரில் நிற்பவரின் அட்டாக்கைக் குறைக்கும் இன்டிமிடேட் எபிலிட்டி கொண்ட இன்சினிரோர் நிறைய வரும் காலத்தில் விண்ட் பவரைவிட காம்பெட்டிடிவ் எபிலிட்டி நல்லது என்பது என் அனுபவம். இன்டிமிடேட் விழுந்தவுடன் ஸ்பெஷல் அட்டாக் இரண்டு படி ஏறிவிடும். எதிராளி இன்சினிரோரை வெளியே வைத்துக்கொண்டே தவிப்பார்.

ஆனால் தரை டைப் ஒன்று எதிரில் வந்தால் இந்த சார்ஜ் மொத்தமும் வீண். கிலோவாட்ரெல் அப்போது ஹரிக்கேனை நம்ப வேண்டியிருக்கிறது, ஹரிக்கேனின் துல்லியம் 70 சதவீதம். மழையில் தவறவே தவறாது, வெயிலில் 50-ஆகிவிடும். ஜாப்டோஸுக்கும் இதே சிக்கல்தான், ஆனால் தவறினாலும் அது அடுத்த டர்னில் உயிரோடு இருக்கும். கிலோவாட்ரெல் பெரும்பாலும் இருக்காது. அதனால் மழை வரவழைக்கும் பெலிப்பர் இல்லாத டீமில் கிலோவாட்ரெல்லுக்கு ஹரிக்கேனை நம்பிக் கொடுக்க எனக்கு மனம் வராது.

தண்டரஸ் பற்றிச் சொன்னால் பழைய ஆட்கள் முகம் சுளிப்பார்கள். நியாயம்தான். 2011 முதல் 2015 வரை டபுள்ஸ் ஆடியவர்களுக்கு பிராங்க்ஸ்டரோடு வரும் தண்டர்வேவ் (பாரலைஸ் செய்யும் மூவ்) என்றாலே எரிச்சல் வரும். அப்போது தண்டர்வேவ் தவறாது, வேகம் கால் பங்காகக் குறையும், யார் எவ்வளவு வேகமாக இருந்தாலும் தண்டரஸ் முந்திக்கொள்ளும். சிங்கிள்ஸிலும் ஐந்தாம் தலைமுறையில் ரசிகர் ஆட்டங்களுக்கு விதி வகுக்கும் ஸ்மோகன் தளம் அதை ஓயூ என்ற முக்கிய அடுக்கிலிருந்து தடை செய்தது. ஆனால் அந்தத் தண்டரஸ் இப்போது இல்லை. ஆறாம் தலைமுறையில் மின்சார டைப்புகள் பாரலைஸ் ஆவது நின்றது. ஏழில் தண்டர்வேவ் துல்லியம் 90 ஆனது, வேகக் குறைப்பு பாதியாகத் தளர்ந்தது, இருள் டைப்புகள் மேல் பிராங்க்ஸ்டர் செல்லுபடியாகாமல் போனது. மிச்சம் இருப்பது எதிராளியை அடிக்கும் மூவ் மட்டும் போட வைக்கும் டான்ட் போன்ற சில தொல்லைகள். அவையும் நல்லவைதான், ஆனால் பழைய பயம் இல்லை.

அதைவிடப் பெரிய குறை, தண்டரஸுக்கு ரூஸ்ட் கிடையாது, ஹரிக்கேனும் கிடையாது. தரை + சண்டை டைப்பான கிரேட் டஸ்க் வந்து நின்றால் ஜாப்டோஸ் ஹரிக்கேனால் இரட்டிப்பு அடி கொடுக்கும். தண்டரஸ் என்ன செய்யும்? தேரியன் உருவத்துக்கு ஸ்பெஷல் அட்டாக் 145, அதை இன்னும் ஏற்றும் நாஸ்டி பிளாட் உண்டு, காகிதத்தில் பயங்கரம். முன்பு பனி மூவான ஹிட்டன் பவர் ஐஸ் வைத்துத் தரை டைப்புகளைச் சமாளித்தது. எட்டாம் தலைமுறையில் ஹிட்டன் பவரே ஒழிந்தது. இப்போது டெரா (ஆட்டத்துக்கு ஒருமுறை டைப்பை மாற்றும் வசதி) போட்டு, டெரா பிளாஸ்டைப் பனி டைப்பாக்கி அடிக்கிறார்கள். அந்தக் கணம் பறக்கும் டைப்பும் போய், தரை அடியும் படத் தொடங்கிவிடுகிறது. டீமின் ஒரே டெராவையும் அதற்கே செலவழித்தாயிற்று. டெராவை முழுக்கத் தேரியனுக்கே கொடுக்கத் தயார் என்றால் அது ஆட்டத்தை முடித்துவைக்கும். இல்லையென்றால் அந்த இடத்தை வீணாக்காதீர்கள்.

ஒரிகோரியோவின் பாம்-பாம் உருவமும் இதே டைப்தான். மஞ்சள் தேன் குடித்தால் அந்த உருவத்துக்கு மாறும். ஒன்பதாம் தலைமுறையில் குவிவர் டான்ஸ் கிடைத்ததால் ஒரே மூவில் ஸ்பெஷல் அட்டாக், ஸ்பெஷல் டிஃபென்ஸ், வேகம் மூன்றும் ஏறும். ரெவலேஷன் டான்ஸ் டெரா டைப்புக்கு ஏற்ப மாறுவது அழகான தந்திரம். கீழ் அடுக்கு ஆட்டங்களில் எடுத்து ஆடிப் பாருங்கள். மேல் அடுக்கில் ஆடத் தொடங்கவே நேரம் கிடைக்காது.

சிங்கிள்ஸ் என்றால் எனக்குச் சந்தேகமே இல்லை, ஜாப்டோஸ். உயிர், டிஃபென்ஸ் உச்சம், பூட்ஸ், ரூஸ்ட், ஹரிக்கேன், வோல்ட் ஸ்விட்ச், நான்காவதாக டீமுக்கு ஏற்ப ஹீட் வேவ் அல்லது டிஸ்சார்ஜ். எபிலிட்டி மட்டும் மறக்காமல் பாருங்கள். சாதாரணமாகப் பிடிக்கும் ஜாப்டோஸுக்குப் பிரஷர்தான் இருக்கும். ஸ்டாட்டிக்காக மாற்ற எபிலிட்டி பேட்ச் வேண்டும், ஆறு நட்சத்திர ரெய்டுகளில் கிடைக்கும். பிரஷரும் மோசமில்லை, அது எதிராளியின் மூவ் எண்ணிக்கையை இரட்டிப்பாகத் தீர்க்கும். 8 முறை மட்டுமே உள்ள ஸ்டோன் எட்ஜ் நான்கு முறையில் தீர்ந்துவிடும். ஆனால் தொட வந்த பூனை வேகமிழந்து திரும்புவதை ஒருமுறை பார்த்துவிட்டால் பிரஷருக்குத் திரும்ப மாட்டீர்கள்.

டபுள்ஸில், உங்கள் டீமில் ஏற்கெனவே விம்சிகாட் போன்று டெயில்விண்ட் போட ஆள் இருந்தால் கிலோவாட்ரெல். இல்லையென்றால் டெயில்விண்டைத் தானே போட்டு, நான்கு டர்னும் நின்று சண்டையிடும் ஜாப்டோஸ். கிலோவாட்ரெல்லுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. ஸ்கார்லெட், வயலெட் நடக்கும் பால்டியாவில் அதன் முந்தைய உருவமான வாட்ரெல் எளிதாகக் கிடைக்கும், லெவல் 25-இல் உருமாறிவிடும். ஒரே மாலையில் பிடித்து, வளர்த்து, இரவுக்குள் தரவரிசை ஆட்டத்தில் இறக்கிவிடலாம். ஜாப்டோஸைத் தேடிக்கொண்டிருக்கும் வாரத்தில் அதை வைத்தே பழகுங்கள். எந்த டர்னில் எதிராளி பனி மூவை அழுத்துகிறார் என்று மோப்பம் பிடிக்கும் பழக்கம் இரண்டு பறவைக்கும் ஒன்றுதான்.