கல்லூரி வழியா, நேரடித் தொழில்முறையா: கொலராடோவின் இரு முன்கள வீராங்கனைகள்

அமெரிக்கக் கால்பந்து வீராங்கனைகளான மேலரி பியூ, சோஃபியா ஸ்மித் இருவரும் கொலராடோ மாநிலத்தில் வளர்ந்து, ரியல் கொலராடோ என்னும் ஒரே இளையோர் மன்றத்தில் ஆடியவர்கள் என்றாலும், பதினெட்டு, பத்தொன்பது வயதில் அவர்கள் தேர்ந்த வழிகள் வேறு.

2016 ரியோ ஒலிம்பிக்கில் கோல் அடித்துவிட்ட பியூ, 2017இல் யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, அதிகாரபூர்வ ஆட்டம் ஒன்றுகூட ஆடாமல் வெளியேறி, வாஷிங்டன் ஸ்பிரிட் அணியின் தொழில்முறை வீராங்கனையானார். கல்லூரிப் பருவம் இலையுதிர் காலத்துச் சில மாதங்களே நீடிப்பதால், தேசிய அணியில் இடம்பெற்றுவிட்ட ஒருவருக்கு அது போதாது என்பது நியாயமான கணிப்பே. ஆனால் தேறும் வயதிலேயே முழு எதிர்பார்ப்பையும் சுமந்த அவர், பின்னர் அணி மாறி, டோக்கியோ ஒலிம்பிக் அணியிலும் இடம் பெறவில்லை. அந்த விலக்கல் இன்றும் என் மனத்தை வருத்துகிறது.

ஸ்மித் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அணியில் இரு பருவங்கள் ஆடினார். முதல் பருவத்தைக் காயம் குலைத்தபோதிலும், 2019 கல்லூரிப் போட்டியின் அரையிறுதியில் ஹாட்ரிக், அதாவது மூன்று கோல்கள் அடித்துத் தேசியப் பட்டத்துக்கு வழிவகுத்தார். தொழில்முறை அணிகள் கல்லூரி வீராங்கனைகளை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் 2020 வீராங்கனைத் தேர்வில் போர்ட்லேண்ட் தார்ன்ஸ் அணி அவரை முதலாவதாக எடுத்தது. 2022இல் அமெரிக்க மகளிர் தொழில்முறை லீக்கின் மிகச்சிறந்த வீராங்கனை விருது அவருக்குக் கிடைத்தது. தவறிழைத்துத் திருத்திக்கொள்ள இடமளித்த அந்த இரண்டு ஆண்டுகளே மேலானவை என்று நான் கருதுகிறேன்.

எனினும் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஜெர்மனிக்கு எதிரான அரையிறுதியின் வெற்றிக் கோலை ஸ்மித்தும், பிரேசிலுக்கு எதிரான இறுதியின் ஒரே கோலை, ஸ்வான்சன் என்னும் மணப்பெயருடன் பியூவும் அடித்தனர்.