25ஜி ரீடைமர் போர்டும் ஓர் ஈஈப்ராம் கோப்பும்: இரண்டு வருட அனுபவம்

எங்கள் லேபில் ஒரு ரீடைமர் எவாலுவேஷன் போர்டு இரண்டு வருடத்துக்கும் மேலாக என் மேசையிலேயே இருக்கிறது. எட்டு சேனல், சேனலுக்கு 25.78125 ஜிகாபிட். பேக்பிளேன் கார்டுகளைச் சோதிக்க வாங்கினோம். வாங்கின புதிதில் எழுதியிருந்தால் அந்த சிப்பைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதியிருப்பேன். இப்போது எழுத உட்கார்ந்தால் முதலில் நினைவுக்கு வருவது போர்டின் மூலையில் இருக்கும் எட்டுக் கால் ஈஈப்ராம், அதாவது கரண்ட் போனாலும் செட்டிங்குகளை மறக்காத சின்ன மெமரி சிப். சிப் ஒரு நாளும் என்னைக் கைவிட்டதில்லை. நாள் நாளாக வேலை வாங்கியது அந்த ஈஈப்ராமும், அதற்குள் போக வேண்டிய கோப்பும், அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் அடாப்டரும்தான். போர்டு எந்தக் கம்பெனியுடையது என்று எழுதவில்லை. நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி இந்த வகைப் போர்டுகள் பலவற்றுக்கும் பொருந்தும்.

புதிதாக வருபவர்களுக்காக ஒரு விளக்கம். ரீடிரைவர், வந்த சிக்னலைத் தூக்கிவிடும். கூடவே வந்த இரைச்சலையும் சேர்த்துத்தான் தூக்கும். ரீடைமர் அப்படியல்ல. வந்த டேட்டாவிலிருந்தே கிளாக்கைப் பிரித்தெடுத்து, ஒவ்வொரு பிட்டும் பூஜ்யமா ஒன்றா என்று முடிவு செய்து, புத்தம்புதிதாக அனுப்பும். பிசிஐஇ 4.0-இல் மொத்த இழப்பு பட்ஜெட்டே 8 ஜிகாஹெர்ட்ஸில் 28 டெசிபெல்தான். பெரிய சர்வரில் நீளமான டிரேஸ், ஒரு ரைசர், இரண்டு கனெக்டர் என்று சேர்ந்தால் அது தீர்ந்துவிடும். ஈதர்நெட் பக்கமும் இதே கதைதான்.

சரி, அடாப்டருக்கு வருகிறேன். போர்டோடு பேச யுஎஸ்பி-யிலிருந்து ஐ2சி-க்கு (சிப்புகள் கிளாக், டேட்டா என்ற இரண்டே வயரில் பேசும் முறை) மாற்றும் அடாப்டர் வேண்டும். எங்களிடம் ஏற்கெனவே இருந்தது ஆர்ட்வார்க். அதன் 10 பின் கனெக்டரில் 1-ஆவது பின் கிளாக், 3-ஆவது டேட்டா, 2-ஆவது கிரவுண்ட். 4, 6 இரண்டும் 5 வோல்ட் பின்கள். மென்பொருளில் டார்கெட் பவரை ஆன் செய்தால் அவற்றில் 5 வோல்ட் வரும். எங்கள் போர்டில் இருப்பதோ மூன்று பின் ஹெட்டர். அதனால் 10 பின்னிலிருந்து 3 பின்னுக்கு ஒரு சின்ன கேபிளை நானே செய்தேன். 4, 6 வயர்களை வேரோடு வெட்டி ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூடிவிட்டேன். 2.5 வோல்ட்டில் ஓடும் சிப்புக்குப் பக்கத்தில் 5 வோல்ட் வயர் தொங்கிக்கொண்டிருப்பதை நான் விரும்பவில்லை. இரண்டு வருடத்தில் அந்த கேபிளை மாற்றவே இல்லை.

அடாப்டருக்குள் 2.2 கிலோ ஓம் புல்-அப் ரெசிஸ்டர்கள் (கிளாக், டேட்டா வயர்களைச் சப்ளை வோல்ட்டேஜுக்கு இழுத்து வைப்பவை) இருக்கின்றன, மென்பொருளில் ஆன்-ஆஃப் செய்யலாம். எங்கள் போர்டிலும் 4.7 கிலோ ஓம் இருக்கிறது. இரண்டும் இணையாகச் சேர்ந்தால் சுமார் 1.5 கிலோ ஓம், அதனால் ஐ2சி-க்கு ஒன்றும் ஆகாது. சிக்கல் வேறு இடத்தில் வந்தது. போர்டின் சப்ளையை அணைத்த பிறகும் 3.3 வோல்ட் ரெயிலில் மீட்டர் பூஜ்யத்துக்கு வரவில்லை. அடாப்டரின் புல்-அப் வழியாக, டேட்டா பின்னின் பாதுகாப்பு டயோடு வழியாக, கொஞ்சம் கரண்ட் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. ஈஈப்ராம் முழுதாக அணையாமல் அரைத் தூக்கத்தில் கிடந்தது. மறுபடி சப்ளை கொடுத்தால் சில தடவை சரியாக எழுந்தது, சில தடவை எழவில்லை. இப்போது பவர் சைக்கிள் சோதனை என்றால் முதலில் அடாப்டரைப் பிடுங்குகிறேன், பிறகுதான் சப்ளையை அணைக்கிறேன், அரை நிமிடம் காத்திருக்கிறேன்.

அட்ரஸ் விஷயத்தில் எல்லாருக்கும் ஒரு தடவை அடிபடும். எங்கள் போர்டின் கையேட்டில் ரீடைமரின் அட்ரஸ் ஹெக்ஸில் (16 அடிப்படை எண் முறை) 30 என்று இருந்தது. பைத்தான் ஸ்கிரிப்டில் 30 என்று கொடுத்தால் பதிலே இல்லை. கையேடு சொல்வது படிப்பதா எழுதுவதா என்ற கடைசி பிட்டையும் சேர்த்து 8 பிட். ஸ்கிரிப்ட் கேட்பது அந்த பிட் இல்லாத 7 பிட். ஹெக்ஸ் 30-ஐப் பாதியாக்கினால் 18. அதேபோல ஈஈப்ராமுக்கு ஏ0 என்று எழுதியிருந்தால் ஸ்கிரிப்டில் 50. இந்த நான்கு எண்களையும் போர்டின் அடியில் லேபிள் ஒட்டி எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் நான்கு மாதம் ஈஈப்ராம் பக்கமே போகவில்லை. மோடு ஜம்பரை ஸ்லேவ் நிலையில் (கம்ப்யூட்டர் சொல்வதைக் கேட்கும் நிலை) வைத்து, கம்ப்யூட்டரிலிருந்து ரெஜிஸ்டர்களை, அதாவது சிப்புக்குள் செட்டிங்குகள் இருக்கும் இடங்களை எழுதி, வரும் சிக்னலின் கிளாக்கை சிப் பிடித்து லாக் ஆகிறதா என்று பார்த்து, ஐ டயகிராமை (பிட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்த படம்; நடுத் திறப்பு பெரிதானால் சிக்னல் நல்லது) எடுத்துக்கொண்டால் வேலை முடிந்தது. அதற்கு இந்த போர்டு அருமை. தனியாக ஒரு ஆசிலாஸ்கோப் இல்லாமலே, சிப்புக்குள் இருக்கும் ஐ மானிட்டரில் ஒவ்வொரு சேனலின் திறப்பையும் பார்க்கலாம். டிஎஃப்ஈ-யை (முந்தைய பிட்டுகளின் பாதிப்பைக் கழிக்கும் சர்க்யூட்) ஆன் செய்தால் ஐ எவ்வளவு திறக்கிறது என்பதை முதன்முதலாகக் கண்ணால் பார்த்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பிறகு நீண்ட சோதனைகள் ஆரம்பித்தன. 10⁻¹² பிழை விகிதத்தை 95 சதவீத நம்பிக்கையோடு சொல்ல, 3 லட்சம் கோடி பிட்டுகள் ஒரு பிழைகூட இல்லாமல் போக வேண்டும். 25.78 ஜிகாபிட் வேகத்தில் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதுவே 10⁻¹⁵ என்றால் ஆயிரம் மடங்கு, 32 மணி நேரம். ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் பிஆர்பிஎஸ்31 என்ற சோதனை பிட் வரிசையைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். திங்கட்கிழமை வந்து பார்த்தால் கவுண்டர் முழுக்கப் பிழை. சனிக்கிழமை கரண்ட் போய் வந்திருக்கிறது. பேட்டர்ன் ஜெனரேட்டர் யுபிஎஸ்-இல் இருந்தது, போர்டின் சப்ளை இல்லை. போர்டு மறுபடி எழுந்தபோது நான் எழுதின டிரான்ஸ்மிட்டர் செட்டிங் எதுவும் இல்லாமல், பிறந்த குழந்தை மாதிரி டீஃபால்ட்டில் எழுந்திருக்கிறது. அன்றைக்குத்தான் ஈஈப்ராம் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன்.

ஏற்பாடு எளிமையானது. மோடு பின்னை எங்கும் இணைக்காமல் விட்டால் சிப் மாஸ்டராக எழும். ரீட்-எனேபிள் பின் கீழே இருந்தால், ஈஈப்ராமிலிருந்து தன் செட்டிங்குகளைத் தானே படித்துக்கொள்ளும். படித்து முடித்ததும் ஆல்-டன் பின்னைக் கீழே இறக்கும், அப்புறம் மறுபடி ஸ்லேவ் ஆகிவிடும். அதன் பிறகு கம்ப்யூட்டரிலிருந்து வழக்கம்போல் ரெஜிஸ்டர்களைப் படித்துப் பார்க்கலாம். ஆல்-டன் பின்னுக்கு எங்கள் போர்டில் ஒரு எல்இடி இருக்கிறது. கம்ப்யூட்டரே இல்லாமல் சப்ளை கொடுத்து, அந்தப் பச்சை விளக்கு எரிந்து, எட்டு சேனலும் லாக் ஆவதைப் பார்ப்பது தனி சந்தோஷம்.

கோப்பு இன்டெல் ஹெக்ஸ் வடிவத்தில் இருக்கும். நோட்பேடில் திறக்கலாம். ஒவ்வொரு வரியும் முக்காற்புள்ளியில் ஆரம்பித்து, பைட் எண்ணிக்கை, அட்ரஸ், வகை, டேட்டா, கடைசியில் செக்சம் (வரி பிழையில்லாமல் வந்ததா என்று பார்க்கும் பைட்) என்று போகும். கோப்பின் கடைசி வரி எப்போதும் பூஜ்யங்களும் ஒரு 01-உம், முடிவில் எஃப்எஃப்-உம்தான். நோட்பேடில் திறக்க முடிகிறது என்பதாலேயே ஒரு நாள் நான் கையால் மாற்றினேன். ஒரே ஒரு பைட். வரியின் செக்சத்தையும் கணக்குப் போட்டுத் திருத்தினேன், அடாப்டரும் குறை சொல்லாமல் ஏற்றியது. ஆனால் சிப் அதை ஏற்கவில்லை. காரணம், வரிக்கு வரி இருக்கும் செக்சம் கோப்பைக் கொண்டுசெல்வதற்கு மட்டும்தான். ஈஈப்ராமுக்குள் அது போவதே இல்லை. சிப் பார்ப்பது டேட்டாவுக்குள்ளேயே இருக்கும் சிஆர்சி என்ற இன்னொரு சரிபார்ப்பு பைட்டை. ஆரம்ப பைட்டுகளில் சிஆர்சி உண்டா, அட்ரஸ் மேப் (எந்த சிப்பின் செட்டிங் எங்கே இருக்கிறது என்ற பட்டியல்) உண்டா, ஈஈப்ராம் 256 பைட்டுக்கு மேலா, எத்தனை சிப்புகள் என்பதெல்லாம் இருக்கின்றன. டேட்டாவில் ஒரு பைட்டைத் தொட்டால் அந்த சிஆர்சி-யும் மாற வேண்டும். கையால் திருத்துவதை அன்றோடு விட்டேன். மாற்றம் என்றால் மென்பொருளில் மாற்றி, புதிதாக ஏற்றுமதி செய்வதுதான்.

ரைட்-புரொடெக்ட் ஜம்பரையும் சொல்லிவிடுகிறேன். அது மேலே இருக்கும்போது எழுதினால் எங்கள் ஈஈப்ராம் ஒவ்வொரு பைட்டுக்கும் அக் (கிடைத்தது என்ற பதில்) கொடுக்கும், ஆனால் எதையும் எழுதிக்கொள்ளாது. அடாப்டர் மென்பொருள் வெற்றி என்றே காட்டும். திருப்பிப் படித்து ஒப்பிட்டால்தான் தெரியும்.

இதைவிட அதிக நேரம் எடுத்தது போன வருடம் நடந்தது. இந்த போர்டின் சர்க்யூட்டைப் பார்த்து எங்கள் சொந்த கார்டில் அதே ரீடைமரை வைத்தோம். ஈஈப்ராம் 24சி08 என்று வரைந்திருந்தோம். அசெம்பிளி சமயத்தில் அது கிடைக்காததால், அளவு பெரியதுதானே, கூடுதல் இடம் நல்லதுதானே என்று 24சி64 போட்டுவிட்டார்கள். கார்டு வந்தது. ஆல்-டன் இறங்கவே இல்லை. என்னோடு வேலை செய்யும் தம்பி இரண்டு நாள் அதோடு போராடிவிட்டு வந்து, "அண்ணா, திருப்பிப் படிச்சா ஃபைல் அப்படியே இருக்கு. ஒரு பைட் கூட மாறல. ஆனா சிப் எடுத்துக்க மாட்டேங்குது" என்றார்.

ஸ்கோப்பை கிளாக், டேட்டா இரண்டிலும் மாட்டி, வயரில் போகும் பைட்டுகளை எண்ணாகக் காட்டும் பஸ் டீகோடை ஆன் செய்து சப்ளை கொடுத்தோம். திரையில் ஏ0, அக். பிறகு 00, அக். உடனே மறுபடி ஸ்டார்ட், ஏ1 (அதே அட்ரஸ், படிக்கும் பிட்டோடு), படிக்க ஆரம்பித்துவிட்டது. நடுவில் ஒரே ஒரு அட்ரஸ் பைட். அங்கேதான் பிடிபட்டது. 24சி16 வரைக்கும் உள்ள ஈஈப்ராம்களுக்கு அட்ரஸ் ஒரு பைட். 24சி32-இலிருந்து இரண்டு பைட். ரீடைமர் ஒரு பைட் கொடுத்துவிட்டுப் படிக்கிறது, பெரிய ஈஈப்ராம் இரண்டாவது பைட்டுக்காகக் காத்திருக்கும்போதே கேள்வி முடிந்துவிடுகிறது. வருகிற டேட்டா எந்த இடத்திலிருந்து என்று நம்ப முடியாது. எங்கள் அடாப்டர் மென்பொருளிலோ 24சி64 என்று தேர்வு செய்திருந்ததால் அது சரியாக இரண்டு பைட் அனுப்பி, சரியாகவே திருப்பிப் படித்தது. 24சி08-ஐ ஹாட் ஏர் வைத்து மாற்றினோம், அதே கோப்பை ஏற்றினோம், முதல் தடவையிலேயே விளக்கு எரிந்தது. 24சி08 போடுபவர்கள் கவனிக்க ஒன்று உண்டு: அது 7 பிட் கணக்கில் 50 முதல் 53 வரை நான்கு அட்ரஸ்களை எடுத்துக்கொள்ளும். அதே பஸ்ஸில் 51-இல் வேறு சிப் இருந்தால் மோதும்.

25 ஜிகாபிட் சிக்னல் கேபிள்களின் கனெக்டர், அடாப்டர்களைப் பற்றிச் சுருக்கமாக: 2.92 மில்லிமீட்டர் கனெக்டர்களை 0.9 நியூட்டன் மீட்டர் டார்க் ரெஞ்ச் வைத்து மட்டும் இறுக்குங்கள். விலை குறைந்த எஸ்எம்ஏ அடாப்டரை நடுவில் சொருகி அளந்த ரீடிங்கை நான் கணக்கில் எடுப்பதில்லை.

போர்டோடு வந்த மென்பொருள் ஆரம்பத்தில் கற்றுக்கொள்ள நன்றாக இருந்தது. பல சேனல்களை ஒரே சமயத்தில் பார்க்கும்போது மெதுவாகிவிடுகிறது. ஆறு மாதத்துக்குப் பிறகு ஹெக்ஸ் கோப்பு எடுக்க மட்டும்தான் அதைத் திறக்கிறேன், மற்றதெல்லாம் ஸ்கிரிப்ட். திரும்ப வாங்குவேனா என்று கேட்டால், யோசிக்காமல் வாங்குவேன்.

இந்த மாதம் இரண்டாவது போர்டையும் சேர்த்திருக்கிறேன். முதல் போர்டின் ஆல்-டன், இரண்டாவதின் ரீட்-எனேபிளுக்குப் போகிறது. இரண்டுக்கும் ஒரே ஈஈப்ராம், ஒரே கோப்பு, அட்ரஸ் மேப்பில் இரண்டு பதிவு. அடாப்டரைப் பிடுங்கிவிட்டு இருபது தடவை சப்ளையை அணைத்துப் போட்டோம். ஒவ்வொரு தடவையும் முதல் விளக்கு எரிந்த மறுகணமே இரண்டாவதும் எரிந்தது. பதினாறு சேனலின் ரெஜிஸ்டர்களையும் திருப்பிப் படித்துக் கோப்போடு ஒப்பிட்ட பட்டியலை தம்பி அச்சடித்து, போர்டு பெட்டியின் மூடிக்குள் ஒட்டி வைத்திருக்கிறார்.