மேரி கியூரி, ஹம்போல்ட், ஹபிள், யூஆர்எஃப்: முதல் ஃபெலோஷிப்புக்கு எதை எழுதுவது?

இயற்பியலிலோ வேதியியலிலோ வானியலிலோ பிஎச்.டி. முடிக்கப்போகும் ஒருவர் முன்னால் சில பெரிய ஃபெலோஷிப்புகளின் (ஆய்வு செய்யத் தரும் நிதியுதவிகளின்) பெயர்கள் வந்து நிற்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்க்வோடோவ்ஸ்கா-கியூரி, ஜெர்மனியின் ஹம்போல்ட், நாசாவின் ஹபிள், பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் யூனிவர்சிட்டி ரிசர்ச் ஃபெலோஷிப். கடைசியாகச் சொன்னதை எல்லோரும் யூஆர்எஃப் என்றே சொல்வார்கள். பலர் ஒரே ப்ரொபோசலை (ஆய்வுத் திட்ட முன்மொழிவை) எழுதி, பக்கத்தைக் கூட்டியும் குறைத்தும் எல்லா இடத்துக்கும் அனுப்பிவிடுகிறார்கள். நல்ல ஆய்வாளர்கள் நிராகரிக்கப்படுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இந்த நான்கும் வேறு வேறு கேள்விகளைக் கேட்கின்றன. மேரி கியூரி திட்டத்தைப் பார்க்கிறது, ஹம்போல்ட் ஆளைப் பார்க்கிறது, ஹபிள் அறிவியல் கேள்வியின் வலுவைப் பார்க்கிறது, யூஆர்எஃப் நீங்கள் தனித்து நிற்பீர்களா என்று பார்க்கிறது.

அதற்கும் முன்னால் கால வரம்பு. பட்டம் வாங்கி எத்தனை ஆண்டு ஆயிற்று என்பதே பாதித் தேர்வை முடித்துவிடும். ஹபிளுக்கு ஏறக்குறைய 3 ஆண்டுக்குள் இருக்க வேண்டும். ஹம்போல்ட்டின் போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வாளர்) பிரிவுக்கு 4 ஆண்டு. அதைத் தாண்டியவர்களுக்கு 12 ஆண்டுவரை அங்கேயே இன்னொரு பிரிவு உண்டு. மேரி கியூரிக்கு 8 ஆண்டு. யூஆர்எஃப் மட்டும் நேரெதிர்: பட்டத்துக்குப் பின் குறைந்தது 3 ஆண்டு ஆய்வு அனுபவம் சேர்ந்தால்தான் விண்ணப்பிக்க முடியும், 8 ஆண்டுக்கு மேல் போனால் முடியாது. ஆக, புதிதாகப் பட்டம் வாங்கியவருக்கு யூஆர்எஃப் இன்றைய கவலையே இல்லை. ஹபிள்தான் முதலில் கைவிட்டுப் போகும். பிள்ளைப்பேறு, உடல்நலக் குறைவு போன்ற இடைவெளிகளைப் பெரும்பாலும் கழித்தே கணக்கிடுகிறார்கள். கேட்கத் தயங்கவே வேண்டாம், அது உங்கள் உரிமை.

மேரி கியூரியில் இன்னொரு நிபந்தனை பலரைப் பிடித்துவிடுகிறது. கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதத்தில், நீங்கள் போக விரும்பும் நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கவோ வேலை பார்த்திருக்கவோ கூடாது. "முதலில் அந்த ஆய்வகத்தில் ஒரு போஸ்ட்டாக்காகச் சேர்ந்துகொள்கிறேன், அங்கிருந்தபடியே எழுதிக்கொள்கிறேன்" என்று நினைத்துப் போகிறவர்கள், எழுதும் நேரத்தில் தகுதி இழந்திருப்பார்கள். ஹம்போல்ட்டிலும் ஏற்கெனவே ஜெர்மனியில் நெடுநாளாக இருப்பவர்களுக்கு இடமில்லை. பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்னால் இந்த விதிகளைப் படித்துவிடுங்கள்.

சரி, ஒரே தலைப்பு இந்த நான்கு இடத்துக்கும் எப்படி மாறிப் போகும்? ஒரு புறக்கோளின் (வேறொரு விண்மீனைச் சுற்றும் கோளின்) வளிமண்டலத்தை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் நிறமாலைகளைக் கொண்டு ஆராய்வதாக வைத்துக்கொள்வோம்.

மேரி கியூரிக்கு எழுதும்போது அந்தக் கோளைப் பற்றிப் பாதிதான் பேச முடியும். மையப் பகுதிக்கு 10 பக்கம், அதற்கு மேல் போனதை யாரும் படிக்க மாட்டார்கள். மதிப்பெண்ணில் அறிவியல் சிறப்புக்கு 50 விழுக்காடு, தாக்கத்துக்கு 30, செயல்படுத்தலுக்கு 20. அந்த 50-க்குள்ளும் வெறும் அறிவியல் மட்டும் இல்லை: ஹோஸ்ட்டிடமிருந்து, அதாவது உங்களை ஏற்றுக்கொள்ளும் ஆய்வுக் குழுவிடமிருந்து, நீங்கள் என்ன கற்கப்போகிறீர்கள், நீங்கள் அவர்களுக்கு என்ன கொண்டுபோகிறீர்கள், தரவையும் நிரலையும் எப்படிப் பொதுவில் வைப்பீர்கள் என்பதெல்லாம் அதில் அடக்கம். நிறமாலையிலிருந்து வாயுக்களின் அளவைப் பிரித்தெடுக்கும் நிரல் ஹோஸ்ட் குழுவிடம் இருக்கிறது, உங்களிடம் கருவியின் இரைச்சலைத் திருத்தும் அனுபவம் இருக்கிறது என்றால், அந்தக் கொடுக்கல் வாங்கலே ப்ரொபோசலின் முதுகெலும்பு. அப்புறம் இடர்கள். தொலைநோக்கி நேரம் கிடைக்காமல் போனால்? "மாற்று வழி ஆராயப்படும்" என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். காப்பகத்தில் ஏற்கெனவே பொதுவுக்கு வந்துவிட்ட எந்தக் கோளின் தரவை எடுப்பீர்கள், அதிலிருந்து எந்தக் கேள்விக்கு மட்டும் விடை கிடைக்கும் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். சிங்க்ரோட்ரான் (துகள்களை வேகப்படுத்தி வலுவான எக்ஸ்-கதிர் தரும் பெரிய கருவி) கற்றை நேரத்தை நம்பி எழுதும் வேதியியலாளருக்கும் இதே பாடம்தான்.

மேரி கியூரியில் எந்த மதிப்பீட்டுக் குழுவுக்கு அனுப்புவது என்பதையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வானியல் நேராக இயற்பியல் குழுவுக்குப் போய்விடும். ஆனால் பொருளறிவியலில் (மெட்டீரியல்ஸ் சயின்ஸ்) இருப்பவர் இயற்பியல், வேதியியல், பொறியியல் மூன்றில் எதையும் தேர்ந்தெடுக்கலாம். அந்தத் தேர்வும் நீங்கள் குறிக்கும் திறவுச்சொற்களும்தான் எந்த நிபுணர்கள் படிப்பார்கள் என்பதைத் தீர்மானிக்கின்றன. மேலட்டையில் "மின்கலம்" என்று இருந்தாலும் உள்ளே முழுக்கக் குவாண்டம் கணக்கீடு என்றால், அதைப் படித்து ரசிக்கக்கூடியவர் எந்தக் குழுவில் உட்கார்ந்திருப்பார் என்று யோசித்துத் தேர்ந்தெடுங்கள்.

ஹம்போல்ட்டுக்கு அதே கோள் வேறு விதமாகப் போக வேண்டும். ஆய்வுத் திட்டம் 5 பக்கம்தான். வேலைப்பொதிகளும் (திட்டத்தைப் பிரித்துக் காட்டும் வேலைப் பகுதிகள்) காலக்கோட்டு வரைபடமும் அங்கே யாரையும் அசைப்பதில்லை. நீங்கள் இதுவரை வெளியிட்டவற்றில் முக்கியமானவை எவை, அவற்றில் உங்கள் பங்கு எது, அந்தக் கட்டுரைகளிலிருந்து இந்தத் திட்டம் எப்படி இயல்பாக முளைக்கிறது, இவைதான் எடை பெறும். துறைக்கு இத்தனை, நாட்டுக்கு இத்தனை என்ற ஒதுக்கீடு கிடையாது. கடைசித் தேதியும் கிடையாது; ஆண்டு முழுவதும் விண்ணப்பிக்கலாம், தேர்வுக் குழு ஆண்டுக்கு மூன்று முறை கூடுகிறது. முதன்மை ஆசிரியராக இரண்டு மூன்று உறுதியான கட்டுரைகள் வைத்திருந்து, திட்ட மேலாண்மை மொழி எழுத வராதவர்களுக்கு நான் தயங்காமல் ஹம்போல்ட்டைத்தான் முதலில் சொல்வேன். கட்டுரைகள் இன்னும் மதிப்பீட்டில் கிடக்கின்றன, கையில் இருப்பது யோசனை மட்டும்தான் என்றால் மேரி கியூரியில் பிழைக்க வாய்ப்பு அதிகம்.

அதிகம் என்றாலும் போட்டியைப் பார்க்க வேண்டும். மேரி கியூரிக்கு 2024-இல் 10,360 விண்ணப்பங்கள் வந்தன. 2025-இல் அது 17,000-ஐத் தாண்டியது. பணம் அந்த வேகத்தில் கூடவில்லை. இதில் பலர் கவனிக்காத ஒரு வழி இருக்கிறது. போர்ச்சுகல், போலந்து, செக் குடியரசு, கிரீஸ் போன்ற, ஆய்வுப் பங்கேற்பை விரிவாக்க வேண்டிய நாடுகளில் ஹோஸ்ட் இருந்தால், இஆர்ஏ (ஐரோப்பிய ஆய்வுப் பரப்பு) ஃபெலோஷிப் என்ற இணைத் திட்டத்துக்கும் உங்கள் விண்ணப்பத்தை அனுப்பச் சொல்லிக் குறிக்கலாம். நல்ல மதிப்பெண் வாங்கியும் முதல் பட்டியலில் இடம் கிடைக்காதவர்களுக்கு இது இரண்டாவது கதவு. உங்கள் துறையில் அந்த நாடுகளில் வலுவான குழு இருந்தால் ஏன் கூடாது?

ஹபிள் வானியற்பியலுக்கு மட்டுமே உரியது, போக வேண்டியது அமெரிக்க நிறுவனத்துக்கு, ஆனால் எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். ஹபிள், ஐன்ஸ்டைன், சேகன் என்று இருந்த மூன்று ஃபெலோஷிப்புகளை 2018-இல் ஒன்றாக்கினார்கள். பெயர்கள் இன்னும் உட்பிரிவாக இருக்கின்றன. நம் புறக்கோள் சேகன் பக்கம் போகும். 2025-இல் தேர்வானவர்கள் 24 பேர், காலம் 3 ஆண்டுவரை. இத்தனை குறைந்த இடத்துக்கு இத்தனை பேர் எழுதும்போது, வாசிப்பவர் முதல் பத்தியிலேயே மனதில் ஒரு முடிவுக்கு வந்துவிடுவார் என்று வைத்துக்கொண்டே எழுத வேண்டும். கருவியில் தொடங்காதீர்கள், முறையில் தொடங்காதீர்கள். இந்த அளவுக் கோள்கள் ஏன் வளிமண்டலத்தை இழக்கின்றன என்ற கேள்வியில் தொடங்குங்கள். எந்த அளவீடு வந்தால் எந்தக் கோட்பாடு விழும் என்று இரண்டாவது பத்திக்குள் தெரிய வேண்டும். ஹோஸ்ட் விஷயத்தில் ஒரு சிறு எச்சரிக்கை: ஒரே நிறுவனத்தில் குவிவதற்கு வரம்பு இருப்பதால், எல்லோரும் போகும் இரண்டு மூன்று இடங்களை மட்டுமே விருப்பப் பட்டியலில் அடுக்க வேண்டாம்.

யூஆர்எஃப் 8 ஆண்டு தருகிறது. மற்ற மூன்றிலும் இல்லாத அளவு நீளம் அது, அதனால்தான் அதன் எதிர்பார்ப்பும் வேறு. ஆய்வு இருக்க வேண்டியது பிரிட்டனிலோ அயர்லாந்திலோ, நிரந்தரப் பதவியில் இருப்பவர்களுக்கு இல்லை, நேர்காணலும் உண்டு. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் மனதில் ஓடும் கேள்வி: இது இவருடைய ஆய்வா, இவருடைய பழைய வழிகாட்டியின் ஆய்வா? கட்டுரைப் பட்டியல் முழுக்க அதே மூத்த ஆசிரியரோடு இருந்தால் பதில் சொல்வது கடினம். அதனால் இப்போதுதான் பிஎச்.டி. முடித்தவருக்கு யூஆர்எஃப் பற்றி ஒன்றே ஒன்று சொல்வேன். போஸ்ட்டாக் காலத்தில் வழிகாட்டி இல்லாமல் ஒரு கட்டுரையாவது வெளியிடுங்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. மேரி கியூரி அறிவிக்கும் மாதத் தொகையில் வேலையளிப்பவர் செலுத்த வேண்டிய பங்களிப்புகளும் சேர்ந்தே இருக்கின்றன, அந்தந்த நாட்டின் வாழ்க்கைச் செலவுக்கேற்பத் தொகையைப் பெருக்கும் எண்ணும் மாறும். கைக்கு வருவது அறிவித்ததைவிடக் கணிசமாகக் குறையும். பதிலுக்கு, முறையான வேலை ஒப்பந்தமும் சமூகப் பாதுகாப்பும் கிடைக்கின்றன. ஹம்போல்ட் தருவது உதவித்தொகை. ஓய்வூதியக் கணக்கு அதில் சேராது. ஆனால் குடும்பத்துக்கான படி, துணைவருக்கும் சேர்த்து ஜெர்மன் மொழி வகுப்பு, முடிந்த பிறகும் மறுபடி வந்து தங்க ஆதரவு என்று மனிதரை நினைத்துச் செய்யும் ஏற்பாடுகள் அங்கே அதிகம். குடும்பத்தோடு போகிறவர்கள் இதையும் தட்டில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பரிந்துரைக் கடிதங்களின் எடையும் சமமில்லை. மேரி கியூரியில் மதிப்பெண்ணை ப்ரொபோசல்தான் தூக்குகிறது. ஹம்போல்ட்டிலும் ஹபிளிலும் கடிதம் உண்மையாகவே முடிவை மாற்றும். உங்கள் வழிகாட்டி எழுதும் பாராட்டைவிட, வேறு நிறுவனத்தில் இருந்துகொண்டு உங்கள் குறிப்பிட்ட ஒரு முடிவைத் தன் வேலையில் பயன்படுத்தியவர் எழுதும் அரைப்பக்கம் நம்பப்படும். அப்படி ஒருவர் இருந்தால் இரண்டு மாதம் முன்பே கேளுங்கள். உங்கள் திட்டத்தின் வரைவையும் அனுப்புங்கள்.

முதல் ஆண்டில் என்றால் என் வரிசை இது. வானியற்பியலாளர் நவம்பர் தொடக்கத்தில் ஹபிளுக்கு எழுதட்டும். மற்றவர்கள் ஹம்போல்ட்டுக்கு எழுதி அனுப்பிவிட்டு, செப்டம்பரில் முடியும் மேரி கியூரிக்கு முழு நேரமும் கொடுக்கலாம். அரைகுறையாக "இந்த முறை சும்மா போட்டுப் பார்க்கிறேன்" என்று மேரி கியூரிக்கு அனுப்புவது மட்டும் வேண்டாம். மதிப்பெண் குறைந்தால் அடுத்த ஆண்டு அதே ஹோஸ்ட்டோடு விண்ணப்பிக்கத் தடை உண்டு. முழுமையாக எழுதித் தோற்றவருக்கோ மதிப்பீட்டாளர்களின் அறிக்கை கைக்கு வருகிறது, பலம் பலவீனம் பிரித்து. அடுத்த வரைவை அந்தப் பலவீனப் பட்டியலிலிருந்தே தொடங்கலாம்.